அன்ரனிற்றாவின் இரண்டாம் பக்கம்

அன்ரனிற்றாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தெரிந்ததை ஒரு பக்கத்தில் எழுதினால், தெரியாததை இன்னொரு பக்கத்தில் எழுதிவைப்பாள். நல்ல பழக்கம்தானே என்று நீங்கள் சொல்லலாம். அவள் வேலைசெய்த இடத்தில் அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

அந்த இடம் பீலெஃபெல்ட் நகரத்து ஓரத்தில் உள்ள ஒரு சோதனைக்கூடம். வீடுகளுக்குச் சூடு கொடுக்கும் வெப்பப் பம்புகளை அங்கே கொண்டுவந்து, ஒரு லொறியே நிற்கக்கூடிய குளிரறைக்குள் பூட்டுவார்கள். குளிரைக் கூட்டுவதும் குறைப்பதும் அன்ரனிற்றாவின் கையில். பன்னிரண்டு பாகையில் தொடங்கி, ஏழு, இரண்டு என்று இறங்கி, பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து வரை போவாள். ஒவ்வொரு குளிருக்கும் மூன்று விதமான சூட்டில் தண்ணீர். எண்கள் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து, யந்திரம் எவ்வளவு சூடு தருகிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று குறித்துக்கொள்வாள். ஒரு புள்ளிக்கு அரைநாள் போகும். பதினைந்து புள்ளி சேர்ந்தால் அந்த யந்திரத்தின் குணம் கைக்கு வந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பிடித்த வேலை. ஏழு பாகையில் யந்திரம் தந்த சூட்டை ஒன்று என்று வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதால் வகுப்பாள். வகுத்து வந்த புள்ளிகளுக்கு நடுவால் ஒரு வளைவை ஓடவிடுவாள். அந்த வளைவு ஆறே ஆறு எண்ணுக்குள் அடங்கிவிடும். ஒரு கட்டடம் வருஷம் முழுக்க எவ்வளவு சக்தி தின்னும் என்று கணினியில் ஓட்டிப்பார்க்கிற பொறியியலாளர்கள் அந்த ஆறு எண்ணைத்தான் கேட்டு வாங்குவார்கள். அவர்கள் யந்திரத்தைக் கண்ணால் காண்பதில்லை. அது இரையுமா நடுங்குமா என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லாத கதை.

இந்த வேலைக்கு அவள் சும்மா வந்து சேரவில்லை. மன்னாரில் உயர்தரத்தில் கணிதம் படித்து, நல்ல பெறுபேறு எடுத்தவள். அந்தப் பெறுபேற்றுத் தாளை ஜெர்மனியில் நாலு கந்தோரில் நீட்டினாள். நாலு பேரும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு விடுதி அறைகள் துடைத்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவினாள். முப்பத்தாறு வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து மூன்றரை வருஷம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, ஆய்வுகூட வேலைக்குத் தகுதி எடுத்தாள். மற்றப் பிள்ளைகள் அவளை ஆசிரியை என்று நினைத்து முதல்நாள் எழுந்து நின்றதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சோதனைக்கூடத்துத் தலைவர் டொக்டர் ஹென்ஸ்லர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் முதல் எட்டு வருஷமும் அவள் எடுத்த வளைவுகள் எல்லாம் அவருடைய பெயரில்தான் வெளியே போயின. படிவத்தில் ‘தயாரித்தவர்’ என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் தன் பெயர் வரவேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டு இறுதிப் பேச்சிலும் கேட்டாள். ஒன்பதாம் வருஷம்தான் சரி என்றார். அன்று முதல் அந்தக் கோட்டில் ஜேசுரட்ணம் என்று வந்தது. அது அவளுடைய தகப்பனின் பெயர். அகதி விண்ணப்பம் எழுதிய நாளில் குடும்பப் பெயர் எது என்று கேட்டதற்கு அதைத்தான் சொன்னாள், அப்படியே நிலைத்துவிட்டது. புருஷன் யாகோப்பு. மகன் பென்ஜமின் தகப்பன் பெயரில் பென்ஜமின் யாகோப்பு. ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர். எங்கள் ஆட்களின் வீடுகளில் இது புதினமில்லை. ஜெர்மன்காரருக்குத்தான் தலை சுற்றும்.

இனி அந்த இரண்டாம் பக்கத்துக்கு வருவோம். வெளியே இரண்டு பாகை, ஈரக் காற்று என்றால் யந்திரத்தின் வெளிப்புறத்தில் உறைபனி படியும். நாற்பது ஐம்பது நிமிஷத்துக்கு ஒருதரம் யந்திரம் வீட்டுக்குச் சூடு கொடுப்பதை நிறுத்தி, அந்தச் சூட்டை எடுத்துத் தன்னுடைய பனியை உருக்கிக்கொள்ளும். வளைவு எடுக்கும்போது அந்த நேரத்தைச் சேர்ப்பதில்லை, பனி படியாத சுத்தமான நேரத்தை மட்டுமே எடுப்பார்கள். அதுதான் முறை. உருக்குகிற நேரத்தைக் கணிப்புச் செய்கிறவர் தன் நிரலில் தனியாகப் போட்டுக் கழிக்கவேண்டும். போடாவிட்டால் யந்திரம் கணினிக்குள் மட்டும் பனியே படியாத சொர்க்கத்தில் நிற்கும்.

ஹென்ஸ்லரின் படிவத்தில் இதை எழுத இடமில்லை. கேட்கிறவனுக்கு இது தெரிந்திருக்கும் என்பது அவருடைய கட்சி. தெரியாத ஒருவன் கேட்டால் என்பது அன்ரனிற்றாவின் கட்சி. ஆகவே படிவத்துக்குப் பின்னால் தானே ஒரு பக்கம் தட்டி இணைப்பாள். ‘இந்த வளைவில் பனி உருக்கும் நேரம் கழிக்கப்படவில்லை. இரண்டு பாகையில் சூடு நூற்றுக்குப் பதினாலு குறையும். கணிப்பில் தனியாகப் போடவும்.’ இப்படி. ஹென்ஸ்லர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் விட்டுவிடுவார். கூடத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு, ‘இரண்டாம் பக்கத்து அம்மா’ என்று. அவள் அதையும் மென்று விழுங்கிக்கொண்டு இருந்தாள்.

பென்ஜமின் படித்து முடித்து டுசல்டோர்ஃபில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் சேர்ந்தான். வேலை, கட்டடங்களைக் கணினியில் ஓட்டிப்பார்ப்பது. சேர்ந்த மூன்றாம் வருஷம் முதன்முதலாக ஒரு திட்டத்துக்கு அவனைப் பொறுப்பாக்கினார்கள். பீலெஃபெல்டில் ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் நாற்பத்தெட்டு வீடுகள். பழைய எரிவாயுக் கொதிகலனை எடுத்துவிட்டு வெப்பப் பம்பு வைக்கும் வேலை. யந்திரத்தை அளந்து வளைவு எடுக்கிற பொறுப்பு, பார்த்தால், அன்ரனிற்றாவின் கூடத்துக்கே வந்தது. தாயும் மகனும் ஒரு வேலையின் இரண்டு முனையில் நின்றார்கள். இரண்டு பெயர் இருந்தபடியால் இரண்டு அலுவலகத்திலும் ஒருவருக்கும் தெரியாது. சொல்லவேண்டும் என்று இவர்களுக்கும் தோன்றவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது இரண்டு பேரிடமாவது, தன் வளைவைத் தன் பிள்ளை பாவிக்கப்போகிறான் என்று சொன்னாள். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினார்கள்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் பென்ஜமின் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். அடுத்தநாள் காலையில் முதல் கணிப்பை மேலதிகாரிக்குக் காட்டவேண்டும், கூடத்திலிருந்து வளைவு வர இன்னும் நாள் எடுக்கும் போலிருக்கிறது, உங்களிடம் இருந்தால் தாருங்கள் என்று கேட்டான். வளைவு வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. ஆனால் ஹென்ஸ்லர் கையெழுத்து வைக்காமல் ஒரு எண்ணும் வெளியே போகக்கூடாது. அன்ரனிற்றா இவ்வளவு காலத்தில் அந்த விதியை மீறினவள் இல்லை. பிள்ளை கோழிக்கறியும் சோறுமாகத் தட்டில் கைவைத்துக்கொண்டு கேட்டான், மீறினாள். மடிக்கணினியைத் திறந்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து அவனுடைய சொந்த முகவரிக்கு அனுப்பினாள்.

“ரெண்டாம் பக்கத்தையும் பார், தம்பி.”

“ஓம் அம்மா, பாக்கிறன்.”

செவ்வாய்க்கிழமை ஹென்ஸ்லர் கையெழுத்து வைத்தார். முறையான அனுப்பலை அவள்தான் செய்தாள். இரண்டாம் பக்கத்தை இணைக்கப் போனவள் நிறுத்தினாள். அவனிடம்தான் இருக்கிறதே, வாயாலும் சொல்லியாயிற்று. ஒரே தாளை ஒரே ஆளுக்கு இரண்டு தரம் அனுப்புவானேன் என்று நினைத்தாள். வேறு யாராயிருந்தாலும் இணைத்திருப்பாள். அன்னியனுக்கு ஒருநாளும் விடாத பிழையைச் சொந்தப் பிள்ளைக்கு விட்டாள்.

அடுத்த சனவரியில் கமலநாயகி அக்கா ஃபோன் எடுத்தா. அவ அந்த நாற்பத்தெட்டு வீட்டில் ஒன்றில், மூன்றாம் மாடியில் இருப்பவ. வீட்டுக்குள் பதினாறு பாகைக்கு மேல் ஏறுதில்லை, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் சமைக்கிறேன், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, இரண்டு கிழமையாக இந்தச் சீர்கேடு என்றா. அதைவிடப் புதினம், போன கிழமை நல்ல கடுங்குளிர் அடித்த இரண்டு நாளும் வீடு சுகமாகச் சூடாக இருந்ததாம். பனிப்புகாரும் தூறலுமாக இருக்கிற நாளில்தான் இந்தக் கூத்து. முற்றத்தில் நிற்கிற யந்திரம் அடிக்கடி நின்றுபோய், சாம்பிராணி போட்டதுபோல் புகை விடுகிறது என்றும் சொன்னா.

 அன்ரனிற்றாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. கடுங்குளிருக்குத் துணையாக மின்சாரச் சூடு ஏற்பாடாகியிருக்கும். எந்தக் குளிருக்குக் கீழே அது வேலைசெய்யத் தொடங்கவேண்டும் என்பதைக் கணிப்புத்தான் சொல்லியிருக்கும். பூச்சியத்துக்கு மேலே யந்திரம் தனியாகவே சமாளிக்கும் என்று அது சொல்லியிருக்கிறது. பனி உருக்கலைப் போடாத கணிப்பு அப்படித்தான் சொல்லும். அவள் அன்றைக்கே மகனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: பனி உருக்கலைப் போட்டனியோ? இரண்டு மணித்தியாலம் கழித்து, பாக்கிறன் என்று பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

மின்சாரச் சூட்டைத் திறந்துவிட்டு வீடுகளைச் சூடாக்கிவிட்டார்கள். ஆனால் மின்சாரச் செலவு கணிப்பில் சொன்னதைத் தாண்டி எகிறியது. அந்தக் கணிப்பைக் காட்டித்தான் சங்கம் அரசாங்க உதவி எடுத்திருந்தது. யார் பிழை என்று பார்க்க, பெப்ரவரியில் சங்கத்தின் அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். தயாரித்தவர் என்ற முறையில் அன்ரனிற்றாவும் வரவேண்டும் என்று கடிதம் வந்தது.

கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் அவள் யாகோப்புவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய மின்னஞ்சல் தன் ஃபோனில் அப்படியே இருக்கிறது, இரண்டாம் பக்கத்தோடு, என்றாள். யாகோப்பு பாண் சுடும் தொழிற்சாலையில் அதிகாலை வேலைக்குப் போகிறவர். வளைவும் தெரியாது, புள்ளியும் தெரியாது. ஆனால் விஷயத்தின் நடுவிலே சரியாகக் கையை வைத்தார்.

“அதைக் காட்டினா அவன்ர வேலை போகும். உனக்குப் பிள்ளையோ பெரிசு, வளைவோ பெரிசு?”

 இரண்டும் ஏன் ஒரே தராசில் ஏறவேண்டும் என்பதுதான் அவளுடைய கோபம். அந்த வளைவுக்காக அவள் நின்ற காலத்தையும் தன் பெயருக்காகக் கேட்ட கேள்வியையும் இந்த மனுசன் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. என்றாலும் இரவு உணவைப் பரிமாறினாள், காலையில் ஃபோனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். காட்டுவேன் என்றும் இல்லை, காட்டமாட்டேன் என்றும் இல்லை. அவன் ஒருதரம் தன்னை நிமிர்ந்து பார்த்தால் போதும், மிச்சத்தை அவனே சொல்லிவிடுவான் என்று நம்பினாள்.

நீள மேசை. ஒரு பக்கம் சங்கத்து ஆட்கள், ஒரு பக்கம் ஹென்ஸ்லரும் அவளும், எதிரே பென்ஜமினும் அவனுடைய மேலதிகாரியும். அவள் போன நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிக் கொடுத்த சாம்பல் நிற மேலங்கியைத்தான் போட்டிருந்தான். காலை வணக்கம், ஃப்ராவ் ஜேசுரட்ணம் என்று எழுந்து கைகொடுத்தான். காலை வணக்கம், ஹேர் யாகோப்பு என்று அவளும் கொடுத்தாள். மகனின் கை குளிர்ந்துபோய் இருந்தது.

சங்கத்துக்காரர் நேரடியாகவே அவனிடம் கேட்டார். பனி உருக்கும் நேரம் இந்த வளைவில் இல்லை என்று உங்களுக்கு யாராவது அறிவித்தார்களா? பென்ஜமின் முன்னாலிருந்த தாளைப் பார்த்தபடி பேசினான். கூடத்திலிருந்து ஒரேயொரு பக்கம்தான் வந்தது என்றான். அதில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை, வேண்டுமானால் பாருங்கள் என்று தாளை மேசை நடுவுக்குத் தள்ளினான். ‘தயாரித்தவர்: ஜேசுரட்ணம்’ என்று அதில் கொட்டை எழுத்தில் கிடந்தது. எல்லாரும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை.

ஹென்ஸ்லர் அவள் பக்கம் திரும்பினார். அவருக்கே ஆச்சரியம்தான். நீங்கள் எப்போதும் ஒரு இரண்டாம் பக்கம் இணைப்பீர்களே, இதற்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். கைப்பை அவளுடைய மடியில் இருந்தது, விரல் கொளுக்கியில் இருந்தது. அவள் மகனின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வெட்கத்தில் தலைகுனிந்து இருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. பெற்ற வயிறு அப்படித்தான் நினைக்கச் சொன்னது.

மறந்துவிட்டேன் என்றாள்.

அதோடு கூட்டம் இலேசாகிவிட்டது. பிழைக்கு ஒரு முகம் கிடைத்தால் எல்லாருக்கும் நிம்மதி. சங்கத்துக்காரர் எழுதிக்கொண்டார், மேலதிகாரி கோப்பி ஊற்றினார். அடுத்த கிழமை அவளுக்கு அப்மானுங் என்கிற எழுத்துமூல எச்சரிக்கை வந்தது. ஹென்ஸ்லர் அதைத் தரும்போது வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு வளைவு வேலையைப் பல்கலைக்கழகம் முடித்துப் புதிதாக வந்த ஒருவரிடம் கொடுத்தார். அவளை வெப்பமானி சரிபார்க்கும் மூலைக்கு மாற்றினார்கள். ஐஸ் தண்ணீருக்குள் வெப்பமானியை வைத்து, அது பூச்சியம் காட்டுகிறதா என்று பார்க்கிற வேலை. அது எப்போதும் பூச்சியம்தான் காட்டும். புதியவர் ஒரு பக்கம் மட்டுமே அனுப்புகிறார் என்று கேள்விப்பட்டாள். அதைச் சொல்லவேண்டிய இடத்தில் போய்ச் சொன்னாள். எல்லாரையும்விட இது தெரிந்த நீங்களே மறந்தீர்களே என்று ஹென்ஸ்லர் பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான்.

அவளுக்கு மனம் எரிந்தது. ஐம்பத்துமூன்று வயதில் ஐஸ் கட்டி இடிப்பது எரிச்சலாக இருந்தது. கமலநாயகி அக்கா கோயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதைவிட எரிச்சலாக இருந்தது, பிழை இவளுடையது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு நினைப்பால் அமர்த்திக்கொண்டாள். அவன் ஒருநாள் வருவான். அவனுக்குத் தெரியும், உள்ளுக்குள் அரிக்கும், வந்து அம்மா என்று சொல்லி அழுவான். அப்போது என்ன சொல்வது என்றுகூட யோசித்துவைத்திருந்தாள். பரவாயில்லை அப்பன், பிள்ளைக்குத்தானே செய்தேன் என்று சொல்லவேண்டும். அதிகம் அழவிடக் கூடாது.

உயிர்த்த ஞாயிறு அன்று வந்தான். பூசைக்குப் போய்வந்து சாப்பிட்டார்கள். யாகோப்பு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். பென்ஜமின் தானாகவே தட்டுகளை எடுத்துக் கழுவத் தொடங்கினான், இதுவரை செய்யாத வேலை. கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர்க் கதிரையில் இருந்தான்.

“அம்மா, அந்தக் கூட்டத்தைப் பற்றி உங்களோட கதைக்கோணும்.”

 சொல்லு அப்பன் என்றாள்.

அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். தனக்கு அது மிகவும் கஷ்டமான நாளாம். தாயைப் பிழைகாரி என்று ஒரு மேசைக்கு முன்னால் சொல்லவேண்டி வந்ததை இன்னும் மறக்கமுடியவில்லையாம். தன் வேலைக்கு ஆபத்து வந்தபோதுகூட, அது தன்னுடைய அம்மா என்று ஒருவருக்கும் வாய்திறக்கவில்லையாம். இந்த வயதில் இவ்வளவு வேலை பார்த்தால் யாருக்கும் ஒன்றிரண்டு தவறத்தான் செய்யும், அதை மனதில் போட்டு வருந்தவேண்டாம் என்றான்.

அன்ரனிற்றா அவனுடைய முகத்தையே பார்த்தாள். தேடித் தேடிப் பார்த்தாள். அதில் வெட்கமும் இல்லை, ஒளிவும் இல்லை. குழந்தை முகம்போலத் தெளிவாக இருந்தது.

“அந்த ஞாயிறு நான் உனக்கு அனுப்பினதைத் திறந்து பாத்தனியோ?”

“அதோ? ஓம், நம்பர் எடுத்தன். ஆறு நம்பர்தானே அம்மா.”

“பிறகு?”

“பிறகென்ன? செவ்வாய்க்கிழமை உங்கட கூடத்திலயிருந்து சரியானது வந்ததுதானே. அதைத்தான் ஃபைலில வைச்சனான்.”

இரண்டாம் பக்கத்தை அவன் பார்க்கவேயில்லை. பார்த்துவிட்டு மறைத்திருந்தால்கூட அவள் ஆறியிருப்பாள். மறைப்பதற்கு அவன் முதலில் அதைத் திறந்திருக்கவேண்டும். கூட்டத்தில் அவன் குனிந்திருந்தது தன்னை நினைத்து வெட்கப்பட்டு இல்லை, அவளை நினைத்து. ஃபோன் மேசையில்தான் கிடந்தது, கைநீட்டினால் போதும். அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தால், அவன் வாழ்நாள் முழுக்க அதைச் சுமப்பான். வைக்காவிட்டால் அவள் சுமக்கவேண்டும். நீட்டப் போன கை மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டுத் திரும்பிவந்தது.

அவன் எழுந்துவந்து, கதிரைக்குப் பின்னால் நின்று அவளுடைய தோளைக் கட்டிக்கொண்டான்.

“விடுங்கோ அம்மா. நான் மனசில ஒண்டும் வைச்சிருக்கேல்லை.”

“பெரிய மனசு, தம்பி, உனக்கு” என்றாள் அன்ரனிற்றா.

அவன் சந்தோஷப்பட்டான்.